அங்கே இப்போது என்ன நேரம்?

நான் போட்ட ஓர் ‘ஆமென்’ பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடும். நானேதான் வரவழைத்துக்கொள்வேன்.

2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அதிகாலை 4.17-க்குத் துருக்கியின் தெற்கையும் சிரியாவின் வடக்கையும் 7.8 அளவு நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. அன்று நான் கைப்பேசியை எடுத்தபோது எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஒரு செய்தி வந்து கிடந்தது. யாரோ எழுதி, பல கை மாறி வந்தது. ‘ஹாகியா சோபியா ஆலயத்தை மசூதியாக்கின தேசத்தோடு கர்த்தர் பேசுகிறார். காதுள்ளவன் கேட்கக்கடவன்.’ அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ‘ஆமென்’ என்று தட்டிவிட்டுப் பல் விளக்கப் போனேன்.

அந்தச் சொல்லைத் தட்டிய விரலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 537-இல் கட்டி முடித்த அந்த ஆலயம் 1453-க்குப் பிறகு மசூதியாகி, இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகி, 2020 ஜூலையில் மறுபடி மசூதியானபோது எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் கோபமும். அந்த வருத்தத்தை இப்போதும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அது இரண்டரை வருடம் உள்ளே சத்தமில்லாமல் கிடந்து, யாரோ முன்பின் தெரியாதவர்களின் தலையில் கூரை விழுந்த செய்தி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து ‘ஆமென்’ சொன்னதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மதியத்துக்குள் ஊர்ப்பெயர்கள் வரத் தொடங்கின. காரமான்மாராஸ், காசியான்டெப், அலெப்போ. பிறகு அந்தாக்யா. அந்தப் பெயரில்தான் நான் நின்றேன். நம்முடைய வேதத்தில் அதற்கு அந்தியோகியா என்று பேர். ‘முதல்முதல் அந்தியோகியாவிலே சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்கிற பேர் வழங்கிற்று’ என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அதே ஊர். நான் எந்தப் பெயரில் அந்த ஜெபக்குழுவில் உட்கார்ந்திருந்தேனோ அந்தப் பெயர் பிறந்த தெரு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அங்கிருந்த பவுலின் பெயர்கொண்ட ஆர்த்தடாக்ஸ் ஆலயம் இடிந்துவிட்டது. பழைய மசூதியும் இடிந்துவிட்டது. ஹாகியா சோபியாவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இஸ்தான்புல்லில், ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. தீர்ப்பை நிறைவேற்றப் போன தூதன் விலாசத்தை மாற்றி வாங்கிக்கொண்டு போனான் என்றுதான் எங்கள் குழுவின் கணக்குப்படி சொல்லவேண்டியிருக்கும்.

கணக்கு இன்னும் மோசமாகும். அதே அந்தியோகியாவை 526 மே மாதத்தில் ஒரு பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அப்போது அது பேர்பெற்ற கிறிஸ்தவ நகரம். பரமேறுதல் திருநாளையொட்டி வெளியூரிலிருந்தும் கூட்டம் வந்து நிறைந்திருந்த நேரம். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் ஆடியது. அதற்குப் பிறகு ‘தேவனுடைய நகரம்’ என்று பொருள்படத் தியோபொலிஸ் என்று பெயரையே மாற்றிவைத்தார்கள். பெயர் மாறினால் நிலம் ஆடாது என்று நம்பினார்களோ என்னவோ. போர்ச்சுகலின் லிஸ்பனிலும் இப்படித்தான். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், காலை ஆராதனைக்கு ஆலயங்கள் நிரம்பியிருந்தபோதே கூரைகள் இறங்கின. ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகளே தீயைப் பரப்பின. ஆலயத்துக்குப் போனவன் செத்தான், படுக்கையை விட்டு எழாதவன் பிழைத்தான் என்று ஆகிவிட்டால் தீர்ப்பை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது?

இந்த இடத்தில் ஒரு பழைய கேள்வி வரும், எனக்கும் வந்தது. அப்படியானால் தேவநீதி என்று ஒன்று உண்டா, இல்லையா? உண்டு என்றால் அது உலக நடப்பில் எங்கேயாவது தட்டுப்படவேண்டாமா?

அன்று இரவு லூக்கா 13-ஐ எடுத்தேன். பலமுறை பிரசங்கத்தில் கேட்ட பகுதிதான். ஆனால் அது ஒரு செய்தி வந்து சேர்கிற காட்சி என்பது அன்றுதான் உறைத்தது. சிலர் வந்து இயேசுவிடம் செய்தி சொல்கிறார்கள்: கலிலேயர் சிலர் பலியிடும்போதே பிலாத்து அவர்களை வெட்டிவிட்டான். அரசாங்கம் செய்த படுகொலை. சொன்னவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். பிலாத்துவைச் சபிப்பார் என்றோ, செத்தவர்கள் ஏதோ செய்திருப்பார்கள் என்பார் என்றோ. அவர் இரண்டையும் செய்யவில்லை. அதற்குப் பதில், யாரும் கேட்காத இன்னொரு செய்தியைத் தாமே எடுத்துப் போடுகிறார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் குடியிருக்கிற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளாக இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? ‘அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.’

ஒன்று மனுஷன் செய்த கொடுமை, இன்னொன்று கட்டடம் விழுந்த விபத்து. இன்றைய செய்தி அறிக்கையும் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் அவர் காரணம் சொல்லவில்லை. காரணம் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களின் வாயை மட்டும் அடைக்கிறார். அடுத்த வரியில் பேச்சைத் திருப்பி நம் பக்கம் விடுகிறார்: ‘நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்.’

இந்த வசனத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்து மிரட்டுவது நம்மிடம் வழக்கம். ஆனால் அதை ஒட்டி உடனே வருவது காய்க்காத அத்திமரத்தின் உவமை. மூன்று வருஷமாகக் கனியில்லை, வெட்டிப்போடு என்கிறான் தோட்டக்காரனிடம் எஜமான். ‘ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்’ என்கிறான் தோட்டக்காரன். கோபுரம் விழுந்த கதைக்குப் பக்கத்திலேயே எருக்கூடை. தீர்ப்பைப் பற்றிய பேச்சு மண்வெட்டியும் சாணமுமாக முடிகிறது. அதைப் பெரும்பாலான பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை. நேரம் போதாமல் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாவத்தைத் தேடுகிற விரல் எப்போதும் ஒரே திசையில்தான் நீள்கிறது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தில் சிதைந்தபோது, அந்த ஜனங்கள் விடுதலைக்காகப் பிசாசோடு உடன்படிக்கை செய்தவர்கள் என்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் சொன்னார். அடிமைகளாயிருந்தவர்கள் எழுந்து போராடி 1804-இல் பெற்ற விடுதலையைச் சொல்கிறார். அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் பாவம் அவர் கணக்கில் ஏறவே இல்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து, எங்கள் சொத்து நஷ்டமானது என்று அந்த ஏழை நாட்டிடமே 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்து என்பதில் அந்த மனுஷரும் அடக்கம். தேவநீதி என்று வாயைத் திறக்கிறவர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் அவர் வாசிப்பது வேதமா என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதெல்லாம் சேர்ந்து என்னைச் சில மாதங்களுக்கு வேறு பக்கம் தள்ளியது. நியாயத்தீர்ப்பு என்ற சொல்லே வேண்டாம் என்று இருந்தேன். தேவன் அன்பானவர், அவ்வளவு போதும். சின்னக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் அன்பைப் பற்றி மட்டும் பேசினேன். கேட்பவர்களுக்கும் நன்றாயிருந்தது, எனக்கும் நன்றாயிருந்தது.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் கிட்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்று அவரும் நாற்காலி மடக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று மடக்கியபிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பிரதர், என் தம்பியைச் சண்டை நேரத்துல கூட்டிட்டுப் போனாங்க. சீருடையில இருந்தவங்கதான். இருபத்தொரு வயசு. உடம்பு கூடக் கிடைக்கல. கூட்டிட்டுப் போனவங்க பதவி உயர்வு வாங்கி, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோட இருக்காங்க. உங்க தேவன் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டார்னா, அன்பானவர்னு நீங்க சொல்றது எனக்குப் புரியல.”

நான் ஏதோ முனகினேன். அவர் கடைசி நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டதைத்தான் வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழிருந்து ஆத்துமாக்கள் கேட்கின்றன. எங்கள் இரத்தத்தைக்குறித்து எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச் செய்யாமல் இருப்பீர்? அது பரலோகத்திலிருந்து வருகிற கேள்வி. அங்கே போனவர்களுக்குக்கூடக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னுடைய ‘அன்பு மட்டும்’ பிரசங்கத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. யாருடைய தம்பியும் காணாமல் போகாதவன் சொல்லக்கூடிய சுவிசேஷம் அது.

குரோவேசியாவில் பிறந்த இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப் இதை இன்னும் காரமாகச் சொல்லியிருக்கிறார். யுகோஸ்லாவியா துண்டுதுண்டாகச் சிதறிய காலத்தைக் கண்டவர். தேவன் தீர்ப்புச் செய்வார் என்ற நம்பிக்கை மனிதரை வன்முறைக்குத் தூண்டும் என்று அமைதியான ஊர்களில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். எரிந்த வீட்டின் முன்னால் நிற்பவனிடம் போய் ‘திருப்பி அடிக்காதே’ என்று சொல்லிப்பாருங்கள், தேவன் கணக்குக் கேட்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் அவன் எப்படிக் கையைக் கட்டிக்கொள்வான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எனக்கு அந்த நாற்காலிக்காரர் சொன்னதன் மறுபக்கமாக அது பட்டது. பவுல் ரோமருக்கு எழுதினதும் இதுதான். ‘பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்’ என்பதை நாம் எதிரிக்கு விடும் மிரட்டலாகப் படிக்கிறோம். வசனம் பேசுவதோ நம்மிடம்: ‘நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்.’ இடங்கொடுங்கள் என்ற அந்த மொழிபெயர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுந்து இடம் கொடு. அது உன் நாற்காலி இல்லை. எழுந்தபின் சும்மா நிற்காதே, அவன் பசியாயிருந்தால் சாப்பாடு கொடு என்று அடுத்த வசனம் வேலையும் கொடுத்துவிடுகிறது.

நியாயத்தீர்ப்பு உண்டு, நான் நியாயாதிபதி இல்லை. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டையும் ஒரே கையில் பிடிப்பதுதான் சிரமம். பெரிய சபைகளே நழுவவிட்டிருக்கின்றன.

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதற்கு மூன்றாம் நாள் ஞாயிறு, பிப்ரவரி 27. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரிய நோன்புக்கு முன்னால் வரும் ஞாயிறுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அந்த ஞாயிற்றின் பெயர் ‘கடைசி நியாயத்தீர்ப்பின் ஞாயிறு’. யாரும் அந்தப் போருக்காக வைத்த பெயர் இல்லை, நாள்காட்டியில் தானாக வந்து நின்றது. அன்று வாசிக்கும் சுவிசேஷம் மத்தேயு 25: ‘பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்; அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்.’ மாஸ்கோவிலும் அதே பகுதி, கீவிலும் அதே பகுதி. கீவில் அந்த ஞாயிறு முழுக்க ஊரடங்கு. பலரால் வீட்டைவிட்டு இறங்கவே முடியாது. படையெடுத்தவனும் அடிவாங்கியவனும் ஒரே நாளில் ஒரே தீர்ப்பின் காட்சியை வாசிக்கவேண்டிய நிலை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மார்ச் 1, செவ்வாய்க்கிழமை. ரஷ்யத் திருச்சபையின் குருமார் சுமார் முந்நூறு பேர் பெயர் போட்டு ஒரு பகிரங்கக் கடிதம் விட்டார்கள். சண்டையை நிறுத்துங்கள், சமாதானம் பேசுங்கள் என்று கேட்ட கடிதம். அதில் அவர்கள் கையிலெடுத்தது அந்த ஞாயிற்றின் பெயரைத்தான். கடைசி நியாயத்தீர்ப்பு ஒவ்வொரு மனுஷனுக்கும் காத்திருக்கிறது, அதிலிருந்து எந்த அதிகாரமும் எந்த மருத்துவரும் எந்த மெய்க்காவலரும் காப்பாற்றமாட்டார்கள் என்று எழுதினார்கள். மருத்துவர், மெய்க்காவலர் என்ற இரண்டு சொல்லும் யாரை நோக்கிப் போகின்றன என்று அந்த நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அதற்கடுத்த ஞாயிறு, மார்ச் 6. ‘மன்னிப்பின் ஞாயிறு’. மாஸ்கோவின் பெரிய தேவாலயத்தில் அதே திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை கிரில் பிரசங்கித்தார். இது வெறும் அரசியல் அல்ல, கண்ணுக்குப் புலப்படாத தளத்தில் நடக்கும் போராட்டம், தேவனுடைய சட்டத்துக்கும் மேற்கின் பாவத்துக்கும் இடையிலானது என்ற தொனியில் பேசினார்.

ஒரே சபை, ஒரே வாரம், ஒரே நம்பிக்கை. ஒருபுறம் அது சொந்த நாட்டு அதிகாரத்தைப் பார்த்து, ஆபத்து தெரிந்தே, கேள்வி கேட்டது. மறுபுறம் அது எல்லைக்கு அப்பால் இருக்கிறவனின் பாவத்தை எண்ணிக்கொண்டிருந்தது. எது தேவநீதியின் மேல் வைத்த நம்பிக்கை, எது அதன் பெயரை வாங்கிக்கொண்ட வேறொன்று என்று கண்டுபிடிக்க எனக்கு இப்போது ஓர் அளவுகோல் உண்டென்றால் அது இந்த வாரம்தான். தீர்ப்பைச் சொல்வதால் சொல்கிறவனுக்கு நஷ்டம் வருகிறதா என்று பார்க்கிறேன். என் ஆமெனால் எனக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. விரல்நுனிகூட வலிக்கவில்லை.

தீர்க்கதரிசி ஆமோஸ் இந்த வித்தை தெரிந்தவர். புத்தகத்தைத் திறந்ததும் தமஸ்குவின் பாவம், காசாவின் பாவம், தீருவின் பாவம், ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கிற எதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து நொறுக்குகிறார். கேட்கும் கூட்டம் ஆர்ப்பரித்திருக்கும். அடுத்து யூதா. கொஞ்சம் பக்கம்தான், பரவாயில்லை, பங்காளிதானே. அடுத்தது இஸ்ரவேல், அவர் நின்று பேசிக்கொண்டிருக்கிற இடம். வெள்ளிக்கு நீதிமானை விற்றீர்கள், ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்றீர்கள். கண்ணி இறுகிவிட்டது. பிறகு ஐந்தாம் அதிகாரத்தில், ‘கர்த்தருடைய நாளை விரும்புகிறவர்களுக்கு ஐயோ!’ என்கிறார். உலகச் செய்தி பார்க்கும்போதெல்லாம் ‘வருகை சமீபம்’ என்று உற்சாகப்படுகிற நாம் அந்த வசனத்தை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

எப்போதும் மனதை விட்டுப் போகாத இன்னொரு பெயர் இருக்கிறது. 1943 ஜூலை கடைசியில் பிரிட்டன், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை நாள்கணக்கில் குண்டுபோட்டு எரித்தன. நெருப்பே புயலாக மாறித் தெருவில் ஓடியவர்களை இழுத்துக்கொண்டது. 30,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு வைத்த ரகசியப் பெயர் ‘கொமோரா’. வானத்திலிருந்து கந்தகமும் அக்கினியும் இறங்கிய ஆதியாகமத்தின் அதே கொமோரா. பெயர் வைத்தவருக்கு வேதம் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. அதே கதையில் அதற்கு முந்தின அதிகாரம் இருப்பது மட்டும் ஞாபகமில்லை. அங்கே ஆபிரகாம் கர்த்தருக்கு முன்பாக நின்று, ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ என்று கேட்டு, ஐம்பது நீதிமான்கள் இருந்தால், நாற்பத்தைந்து இருந்தால், முப்பது, இருபது என்று பேரம் பேசிப் பத்துவரைக்கும் இறக்கிவிடுகிறார். தேவனே தீர்ப்புக்கு முன்னால் நின்று அந்தப் பேரத்தைக் கேட்டார். மனுஷன் அந்தத் தீர்ப்பின் பெயரை எடுத்துக்கொண்டபோது பேரம் பேச யாரையும் உள்ளே விடவில்லை.

அந்தத் தீயில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பணியில் இருந்தான். பக்கத்தில் நின்ற நண்பனைக் குண்டு சிதறடித்தது. இவனுக்கு உயிர் மிஞ்சியது. பின்னாளில் உலகம் அறிந்த இறையியலாளரான யூர்கன் மோல்ட்மன் அவர். மதப்பற்று இல்லாத வீட்டில் வளர்ந்தவர், தேவனே நீர் எங்கே என்று அன்றிரவுதான் முதல்முறை கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். போர் முடிந்து ஸ்காட்லாந்தில் கைதி முகாமில் இருந்தபோது, நாஜி வதைமுகாம்களின் படங்களை அவர்கள் தங்கியிருந்த கொட்டகைகளில் மாட்டிவைத்தார்கள். பெல்சன், புக்கன்வால்ட். கொமோராவில் எரிந்தவர்களின் பக்கத்தில் நின்றவர் அவர், அந்தப் படங்களில் இருந்ததைச் செய்த நாட்டின் சீருடை போட்டவரும் அவரே. அங்கே ஒரு படைக்குரு கொடுத்த வேதத்தில் மாற்கு சுவிசேஷத்தைப் படித்து, ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற இடத்துக்கு வந்தபோது, என்னை விளங்கிக்கொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்தாராம். யார் பாதிக்கப்பட்டவர், யார் குற்றவாளி என்று ஒரே மனுஷனுக்குள் கோடு கிழிக்கமுடியாத இடத்தில் அவர் சந்தித்தது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நியாயாதிபதியை அல்ல, தண்டனை பெற்றுத் தொங்குகிற ஒருவரை. நம் விசுவாசத்தில் இருவரும் ஒருவரே. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

1945 அக்டோபரில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்டில் கூடி ஒரு குற்ற அறிக்கை வெளியிட்டார்கள். நாங்கள் இன்னும் தைரியமாக அறிக்கையிடவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை, இன்னும் மகிழ்ச்சியோடு விசுவாசிக்கவில்லை, இன்னும் உருக்கமாக நேசிக்கவில்லை என்று எங்களையே குற்றஞ்சாட்டுகிறோம் என்றார்கள். நாடு முழுக்க இடிபாடு, ஜனங்கள் தங்களைத்தான் பாதிக்கப்பட்டவர்களாக நினைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த அறிக்கைக்குச் சொந்த சபைகளிலேயே கடும் எதிர்ப்பு. துணிச்சல்தான். ஆனாலும் அந்த ‘இன்னும்’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. ஏற்கெனவே ஓரளவு செய்தோம், கூடக் கொஞ்சம் செய்திருக்கலாம் என்பதுபோல. யூதர் என்ற வார்த்தை அந்த அறிக்கையில் ஓர் இடத்திலும் இல்லை. பாவத்தை அறிக்கையிடும்போதே பெயரை விழுங்கிவிடுகிற சாமர்த்தியம் நமக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

இங்கிலாந்தின் கவென்ட்ரி தேவாலயத்தை 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் எரித்தன. இடிந்த ஆலயத்தில் பீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் பிறகு இரண்டே சொல் பொறித்தார்கள். நம் மொழியில் சொன்னால் ‘பிதாவே, மன்னியும்.’ சிலுவையில் சொன்னது ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்.’ அந்த ‘இவர்களுக்கு’ வேண்டுமென்றே விடப்பட்டது. விட்ட இடம் வெற்றாக இருக்கிறது. யார் போய் நின்றாலும் அதில் பொருந்துவார்கள்.

இதையெல்லாம் தேடிப் படித்ததால் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இப்போதும் எனக்குப் பிடிக்காத ஓர் ஆட்சியாளர் கவிழ்ந்தால் உள்ளே ஒரு கதகதப்பு வருகிறது. ‘உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே’ என்று நீதிமொழிகள் 24-இல் இருப்பது தெரிந்தும் வருகிறது. இன்னொரு வழுக்கலும் உண்டு, அது இதைவிட மோசம்: ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவது. நீதியை அவரிடம் விட்டுவிட்டேன் என்பது என் சோம்பலுக்கு நான் வைத்திருக்கிற பக்தியான பெயர். செய்யமுடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஜெப நோட்டில் நாட்டின் பெயரை எழுதுவதை விட்டுவிட்டு ஊரின் பெயரை எழுதத் தொடங்கினேன். ‘துருக்கி’ என்று எழுதினால் அரசாங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. ‘அந்தாக்யா’ என்று எழுதினால் தெரு. யோனாவுக்கும் ஓர் ஊர்தான் பிரச்சினை. நினிவே அழியும் என்று பார்க்கக் கிழக்கே போய்க் குடிசை போட்டு உட்கார்ந்தவன் அவன். செய்தி பார்க்கிறவனுக்கு அவனைவிடப் பொருத்தமான படம் வேதத்தில் இல்லை. புத்தகம் முடிவது கர்த்தர் கேட்கும் கேள்வியில்: வலதுகை இடதுகை வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ? கூடவே, ‘அநேக மிருகஜீவன்களும்’ என்று. ஆடுமாட்டைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்.

அந்தியோகியாவுக்கு வருகிறேன். ‘கிறிஸ்தவர்கள் என்கிற பேர் வழங்கிற்று’ என்ற வசனத்தைத்தான் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அடுத்த நான்கு வசனங்களை நான் அந்த பிப்ரவரிக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரும் என்கிறார். அந்தப் பெயர் வாங்கின ஜனங்கள் கேட்ட முதல் உலகச் செய்தி அது. யார் செய்த பாவத்தால் பஞ்சம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக’ யூதேயாவிலுள்ளவர்களுக்குப் பணம் சேகரித்து அனுப்பத் தீர்மானித்தார்கள். பர்னபாவும் சவுலும் கையில் கொண்டுபோனார்கள். அத்தியாயம் அதோடு முடிகிறது.

நிலநடுக்கம் வந்த அன்று சாயங்காலம் எங்கள் குழு வழக்கம்போல வீடியோவில் கூடியது. காலையில் வந்த செய்தியை ஒருவர் மறுபடி வாசித்தார். தலைகள் ஆடின. குழுவில் ஓர் அம்மா உண்டு, எழுபத்தைந்து தாண்டியவர். வீடியோவில் எப்போதும் அவருடைய நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். ஒலியை அணைத்துவைக்கவும் தெரியாது, அதனால் அவர் மூச்சு விடுவதுகூட எல்லாருக்கும் கேட்கும். வாசித்து முடிந்ததும் அவர்தான் பேசினார். அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி, அங்க இப்ப என்ன நேரம்?”

என்னைத்தான் கேட்டார். தேடிச் சொன்னேன். அங்கே இருட்டிக்கொண்டு வந்தது.

“குளிரா இருக்குமா?”

அதையும் பார்த்தேன். ராத்திரிக்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்று போட்டிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த நெற்றி குனிந்தது. போர்வை என்ற சொல்லோடு ஜெபத்தைத் தொடங்கினார்.